மலேரியா ஒழிஞ்சிருச்சா இல்லையா? நம்ம நெல்லைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீஷியன். காய்ச்சல்னு வர்றவங்க விரல்ல குத்தி, கண்ணாடித் துண்டுல ரத்தத்தைத் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்குறது என் வேலை. குத்துற அந்த ஒரு நிமிஷத்துல எல்லாரும் ஏதாவது கேப்பாங்க. கல்யாண வீட்டுப் பந்தியிலயும் பஸ் ஸ்டாண்டுலயும் அதே கேள்விதான் வருது. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதிட்டேன், பதிலும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நேரா சொல்லியிருக்கேன்.

மலேரியாலாம் இப்பம் எங்க இருக்கு? டெங்குன்னுதான கேள்விப்படுதோம்?

நம்ம பக்கம் ரொம்பக் குறைவு, அது உண்மை. 2012ல கடையநல்லூர் சுத்துவட்டாரத்துல டெங்கு ஆட்டிப்படைச்சதுல இருந்து காய்ச்சல்னாலே டெங்குதான்னு மனசுல பதிஞ்சிருச்சு. தமிழ்நாட்டுல மலேரியா பெரும்பாலும் சென்னை, ராமநாதபுரம், தூத்துக்குடின்னு கடலோரத்துலதான் வருது.

ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது. என் மைக்ராஸ்கோப்ல பாசிட்டிவ் வந்தவங்க எல்லாம் வெளியூர் போயிட்டு வந்தவங்கதான். தாராவியில இருந்து கோயில் கொடைக்கு வந்த குடும்பம், மங்களூர்ல படகு வேலைக்குப் போன தம்பி, இப்படி. அதனால எங்ககிட்ட வந்தா டிராவல் ஹிஸ்டரியை மறைக்காம சொல்லுங்க, "எங்கயும் போகலையே"ன்னு சொல்லிட்டு வெளிய போகும்போது "போன மாசம் பம்பாய்ல இருந்தேன், அது கணக்கா?"ன்னு கேட்டவங்க எத்தனையோ பேர், அதுதான் கணக்கே.

ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்தாத்தான மலேரியா? எனக்கு தினமும்லா வருது?

அந்தக் காலத்துல முறைக்காய்ச்சல்னு சொன்னது இதைத்தான். கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள்ள பெருகி, உடைச்சுக்கிட்டு வெளிய வர்ற நேரத்துல குளிரும் நடுக்கமும் வரும். வைவாக்ஸ்ங்கிற வகையில அது 48 மணி நேரத்துக்கு ஒருக்கா. ஆனா ஆரம்பத்துல கிருமியெல்லாம் ஒரே நேரத்துல உடையாது, அதனால தினமும் வரலாம், கண்ட நேரத்துக்கும் வரலாம். முறை வருதான்னு பாத்துக்கிட்டே வீட்ல இருக்கக் கூடாது, முதல் ரெண்டு நாளுக்குள்ளயே ரத்தம் பாக்கணும்.

இன்னொரு வகை ஃபால்சிபாரம். இதுதான் மூளைக்குப் போயி ஆளைக் கொல்றது. ஆப்பிரிக்காவுல சாவு அதிகம்னு கீழ சொல்லப் போறேன்ல, அதுக்கு முக்கியக் காரணம் இந்த வகைதான்.

வீட்டுக்குப் பின்னால சாக்கடை ஓடுது, அந்தக் கொசுவால மலேரியா வருமா?

வராது. சாக்கடையில வளர்றது கியூலெக்ஸ், அது யானைக்கால் பரப்புற கொசு. மலேரியா பரப்புறது அனாபிலிஸ், அதுலயும் பெண் கொசு மட்டும். அதுக்குத் தண்ணி ஓரளவு சுத்தமா வேணும். டவுன்ல மூடி சரியில்லாத ஓவர்ஹெட் டேங்க், புழங்காத கிணறு, கட்டிட வேலை நடக்கிற இடத்துத் தொட்டி. கிராமத்துல வாய்க்கால் ஓரம், ஆத்துல தண்ணி வத்தி அங்கங்க தேங்குற குட்டை. டெங்கு கொசு பகல்ல கடிக்கும், இது பொழுது சாஞ்சதுல இருந்து விடியுற வரைக்கும் கடிக்கும். உக்காந்திருக்கிற விதத்துலயே அடையாளம் தெரியும், பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு சாய்வா நிக்கும்.

அதனால மொட்டை மாடி டேங்க்கை மூடுறது சாக்கடைக்கு மருந்து அடிக்கிறதை விட மலேரியாவுக்கு முக்கியம். புகை மருந்து அடிச்சா சனங்களுக்கு ஒரு திருப்தி, ஆனா அது அந்த நேரத்துல பறக்குற கொசுவை மட்டும்தான் கொல்லும், டேங்க்ல இருக்கிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது.

ஒரு நாட்டுல ஒழிஞ்சிருச்சுன்னு யாரு சொல்லணும்? கலெக்டரு மாதிரி யாராவது கையெழுத்து போடணுமா?

கிட்டத்தட்ட அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுக்கும். அதுக்கு அந்த நாட்டுக்குள்ளயே கொசு கடிச்சுப் பரவுன கேஸ் தொடர்ந்து மூணு வருஷம் ஒண்ணு கூட இருக்கக் கூடாது. வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்தது இந்தக் கணக்குல சேராது. ஆனா அப்படி வர்ற கேஸைப் பிடிச்சு, திரும்பப் பரவ விடாம நிறுத்துற அமைப்பு இருக்கான்னும் பாப்பாங்க. இதுதான் ஒரு நாட்டை விட்டு நீக்குறது. உலகத்தை விட்டே ஒழிக்கிறது வேற, மனுசனுக்கு வர்ற நோய்ல அப்படிப் போனது பெரியம்மை ஒண்ணுதான், 1980ல அறிவிச்சாங்க.

எந்தெந்த ஊரு அப்படி வாங்கியிருக்கு? எல்லாம் பணக்கார நாடா?

அப்படி இல்லை. 45 நாட்டுக்கு மேல வாங்கியாச்சு. மாலத்தீவு 2015, இலங்கை 2016, அல்ஜீரியாவும் அர்ஜென்டினாவும் 2019, சீனாவும் எல் சால்வடாரும் 2021, கேப் வெர்டி 2024 ஜனவரி, எகிப்து 2024 அக்டோபர், 2025ல ஜார்ஜியா, சுரினாம், கிழக்குத் திமோர். இதுல திமோர் சின்ன ஏழை நாடு. எகிப்துல பழங்கால மம்மி உடம்புலயே மலேரியா தடயம் கிடைச்சிருக்கு, அத்தனை ஆயிரம் வருஷம் இருந்த நோயை அனுப்பியிருக்காங்க.

சீனா கதை எனக்குப் பிடிக்கும். 1940கள்ல வருஷத்துக்கு 3 கோடி கேஸ் இருந்த நாடு. கடைசிக் கட்டத்துல அவங்க வச்ச விதி 1-3-7. கேஸ் கண்டுபிடிச்ச ஒரு நாளைக்குள்ள ரிப்போர்ட் போகணும், மூணு நாளைக்குள்ள அது எங்க இருந்து வந்துச்சுன்னு விசாரிக்கணும், ஏழு நாளைக்குள்ள அந்த இடத்துல பரவாம வேலை முடிஞ்சிருக்கணும். இதுல பெரிய மெஷின் எதுவும் இல்லை, சொன்ன நாள்ல ஆள் போயி நிக்கணும், அவ்ளோதான்.

சிலோன்காரங்களால முடிஞ்சது நம்மால ஏன் முடியல? கடலைத் தாண்டுனா அந்தா இருக்கு?

எங்க ஆச்சி வீட்டுல ரெண்டு தலைமுறை கொழும்புக்குப் போயி வந்தவங்க, அதனால இந்தக் கேள்வியை நானே ரொம்ப நாள் கேட்டிருக்கேன். இலங்கை கதையை முழுசா சொன்னாத்தான் இது புரியும்.

1934-35ல அங்க மழை பொய்ச்சு, ஆறெல்லாம் வத்தி, அங்கங்க குட்டை குட்டையா தேங்குச்சு. அதுல அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ்ங்கிற கொசு பெருகிருச்சு, நம்ம கிராமங்கள்லயும் இருக்கிற அதே கொசுதான். அந்த ஒரு தடவையில 80 ஆயிரம் பேர் வரைக்கும் செத்தாங்க. அப்புறம் டிடிடிங்கிற பூச்சிமருந்து வந்துச்சு, வீடு வீடா அடிச்சாங்க, 1963ல நாடு முழுக்க மொத்தமே 17 கேஸ். பதினேழு! அத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சு மருந்து அடிக்கிறதை நிறுத்துனாங்க, ரத்தம் எடுத்துப் பாக்குறதும் குறைஞ்சிருச்சு. 1969ல 5 லட்சத்துக்கு மேல கேஸ். நான் வேலைக்குச் சேந்த புதுசுல எங்களுக்குக் கிளாஸ் எடுத்த டாக்டர் போர்டுல இந்த ரெண்டு நம்பரை மட்டும் எழுதிப் போட்டுட்டு எதுவும் சொல்லாம கொஞ்ச நேரம் நின்னாரு, இன்னிக்கு வரைக்கும் எனக்கு மறக்கலை.

மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. 1999லயும் இரண்டரை லட்சத்துக்கு மேல இருந்துச்சு. சண்டை நடந்துக்கிட்டிருந்த வடக்கு கிழக்குலயும் சுகாதாரக்காரங்க வலையும் மருந்தும் கொண்டுபோயிருக்காங்க. வண்டியிலயே லேப் வச்சு ஊர் ஊராப் போயி, காய்ச்சல் இல்லாதவங்க ரத்தத்தையும் பாத்தாங்க. சான்றிதழ் வாங்குறதுக்கு முன்னாடி கடைசி உள்ளூர்க் கேஸ் 2012 அக்டோபர். வாங்குன பிறகு 2018ல அங்க ஒரு உள்ளூர்க்காரருக்கு வந்துச்சு, இந்தியாவுல இருந்து வேலைக்குப் போன ஒருத்தர்கிட்ட இருந்து கொசு வழியாப் போனது, உடனே பிடிச்சு அந்த ஒண்ணோட நிறுத்திட்டாங்க. நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் என்னன்னா அது தீவு, இரண்டேகால் கோடி சனம். நமக்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மிசோரம் காடுகள் இருக்கு, ரோடு போகாத ஊர்கள் இருக்கு. ஆனா அதை மட்டும் சாக்கா சொல்லிட்டுப் போயிற முடியாது, அடுத்ததைப் படிங்க.

எங்க தாத்தா சொல்லுவாரு, டிடிடி அடிச்சு அறுபதுகள்லயே மலேரியாவை ஒழிச்சாச்சுன்னு. அது பொய்யா?

தாத்தா பொய் சொல்லலை. சுதந்திரம் வந்த சமயத்துல இந்தியாவுல வருஷத்துக்கு 7.5 கோடி கேஸ், 8 லட்சம் சாவுன்னு கணக்கு. 1953ல கட்டுப்பாட்டுத் திட்டம், 1958ல ஒழிப்புத் திட்டம். வீட்டுச் சுவத்துல தேதி போட்டுட்டுப் போவாங்கன்னு பெரியவங்க இப்பவும் சொல்லுவாங்க. 1965ல கேஸ் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிருச்சு, சாவே இல்லை.

அப்புறம் இலங்கையில நடந்ததுதான் இங்கயும். கொசுவுக்கு டிடிடி பழகிருச்சு, மருந்து சப்ளை தடுமாறிச்சு, கண்காணிப்பு தளர்ந்துச்சு, 1976ல 64 லட்சம் கேஸ். உலகம் முழுக்க 1955ல ஆரம்பிச்ச ஒழிப்புத் திட்டத்தையே 1969ல கைவிட்டுட்டாங்க, அதுலயும் ஆப்பிரிக்காவுல பெரும்பகுதியை முதல்லயே சேக்கவே இல்லை. அந்தத் தப்புக்கு அங்கத்துப் பிள்ளைங்க இன்னிக்கும் விலை கொடுக்குதாங்கன்னுதான் நான் நினைக்கேன்.

இப்பம் இந்தியாவுல எப்படி இருக்கு?

நல்லாவே இறங்கியிருக்கு. 2015ல 11.69 லட்சம் பதிவான கேஸ், 2023ல 2.27 லட்சம். அதிக பாரம் உள்ள நாடுகள் பட்டியல்ல இருந்து 2024ல வெளிய வந்துட்டோம். ஒடிசாவுல எட்டாத மலைக்கிராமங்களுக்கே போயி, ஊர்ல எல்லாருக்கும் ரத்தம் பாத்து, காய்ச்சல் இல்லாட்டியும் கிருமி இருந்தா மாத்திரை கொடுத்தாங்க, அங்கதான் பெரிய இறக்கம். 2027க்குள்ள உள்ளூர்க் கேஸ் பூஜ்யம், 2030ல சான்றிதழ், இதுதான் நாட்டோட இலக்கு.

வடக்க இருந்து வேலைக்கு வர்றவங்கதான நமக்குக் கொண்டு வாராங்க?

இப்படிப் பேசாதீங்கன்னு கேட்டுக்கிடுதேன். கிருமி ஆளோட சேந்து பிரயாணம் பண்ணும், அது உண்மை. ஆனா மேல சொன்ன மாதிரி என்கிட்ட வந்த பாசிட்டிவ்ல நம்ம ஊர்க்காரங்களும் இருக்காங்க, இலங்கைக்குப் போனது இந்தியாக்காரர் மூலமாத்தான். வடக்க இருந்து வர்ற தம்பிங்க வேலை பாக்குற கட்டிடத்துலயே கொசுவலை இல்லாம படுக்காங்க, ஒருநாள் லீவு போட்டா கூலி போயிரும்னு காய்ச்சலோட வேலை பாக்காங்க. விரட்டுனா ஒளிவாங்க, ஒளிஞ்சா பரவும். காண்ட்ராக்டர் அண்ணாச்சிமார் ஆள் வந்து இறங்குன அன்னிக்கே எங்களுக்கு ஒரு போன் போட்டா நாங்களே சைட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கிடுவோம், காசு கிடையாது.

மூணு நாள்ல காய்ச்சல் விட்டுட்டு, பொறவு எதுக்கு 14 நாள் மாத்திரை?

வைவாக்ஸ் கிருமி ரத்தத்துல மட்டும் இல்லை, கல்லீரல்ல போயி தூங்கும். மூணு நாள் மருந்து ரத்தத்துல இருக்கிறதைக் கொல்லும். தூங்குறது சில மாசம் கழிச்சு முழிச்சு மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும், அப்பம் கொசு கடிக்காமலே வரும். அந்தத் தூங்குற கிருமிக்குத்தான் பிரைமாகுயின் 14 நாள். முதல் கேள்வியில சொன்ன தாராவிக் குடும்பத்துல ஒரு மைனி பாதியில விட்டுட்டு, நாலு மாசம் கழிச்சு இங்க வந்து நடுங்கிக்கிட்டு நின்னாங்க.

ஜி6பிடிங்கிற நொதி குறைவா இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரையால சிவப்பணு உடையும், கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடும்போது மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போனா அப்பமே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. மத்தபடி நீங்களா நிறுத்தக் கூடாது.

உலகத்துல இன்னும் எத்தனை பேரு சாகுதாங்க? ஆப்பிரிக்காவுல மட்டும் ஏன் இப்படி?

2023ல 26 கோடிக்கு மேல கேஸ், ஆறு லட்சத்தை ஒட்டி சாவு. நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில 2011 கணக்குப்படி 4.7 லட்சம் பேரு, அதை விட அதிகமான ஆளுங்க ஒவ்வொரு வருஷமும். அதுல 95 சதவீதம் ஆப்பிரிக்காவுல, அங்க சாகுறதுல நாலுல மூணு அஞ்சு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க. நைஜீரியா, காங்கோ, நைஜர், தான்சானியா, இந்த நாலு நாட்டுலயே பாதிக்கு மேல.

காரணம் ஒண்ணு இல்லை. அங்க இருக்கிற அனாபிலிஸ் காம்பியே கொசு மனுச ரத்தத்தையே தேடி வரும், நம்ம ஊர் கியூலிசிஃபேசிஸ் பெரும்பாலும் மாட்டைக் கடிக்கும். அங்க அதிகம் உள்ளது ஃபால்சிபாரம். ஆஸ்பத்திரி தூரம், சண்டை, வெள்ளம், பஞ்சம் எல்லாம் சேருது. அப்படியும் 2000க்கு அப்புறம் நிறைய முன்னேறியிருக்காங்க, 2015 வரைக்கும் அங்க தடுத்த கேஸ்ல மூணுல ரெண்டு பங்கு மருந்து தடவுன கொசுவலையால தடுத்தது. ஒரு வலை! அதுக்கப்புறம் இறக்கம் நின்னு போச்சு, அதான் கவலை.

தடுப்பூசி வந்துருச்சாம்லா, நம்ம பிள்ளைகளுக்கு ஏன் போட மாட்டேங்காங்க?

ரெண்டு ஊசி இருக்கு. ஆர்டிஎஸ்,எஸ் 2021லயும் ஆர்21 2023லயும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது. ஆர்21 தயாராகுறது புனேயில, சீரம் இன்ஸ்டிடியூட்ல. ஒரு டோஸ் 4 டாலருக்கும் கீழ. ஆர்டிஎஸ்,எஸ் ஊசியை கானா, கென்யா, மலாவியில 2019ல சோதிச்சுப் பாத்துட்டு, 2024 ஜனவரியில கேமரூன்ல வழக்கமான தடுப்பூசியா ஆரம்பிச்சாங்க. அஞ்சு மாசத்துல இருந்து நாலு டோஸ்.

ரெண்டுமே ஃபால்சிபாரத்துக்கு எதிரானது, வைவாக்ஸுக்கு வேலை செய்யாது. முழுசாவும் தடுக்காது, காலம் போகப் போக வீரியம் குறையும். பிள்ளைங்க கொத்துக் கொத்தா சாகுற இடத்துக்கு அது பெரிய வரம். நம்ம பிள்ளைங்களுக்கு இங்க அந்த ஆபத்து இல்லை, ஊசியை அங்க அனுப்புறதுதான் நியாயம்.

எங்க சித்தி மகன் நைஜீரியாவுக்கு வேலைக்குப் போறான், என்ன செய்யணும்?

போறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்து தடுப்பு மாத்திரை கேளுங்க. போகும் முன்னாடி ஆரம்பிச்சு, அங்க இருக்கும்போதும் சாப்பிட்டு, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடணும். "அங்க உள்ளவங்க சும்மாதான இருக்காங்க"ன்னு கேக்காதீங்க, அவங்க சின்ன வயசுல இருந்து கடி வாங்கி, அதுல பிழைச்சு கொஞ்சம் எதிர்ப்பு வந்தவங்க, நம்ம பையனுக்கு அது கிடையாது. வலைக்குள்ள படுக்கணும்.

திரும்பி வந்து ஒரு வருஷத்துக்குள்ள எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதல் வார்த்தையா "நான் ஆப்பிரிக்காவுல இருந்தேன்"னு சொல்லணும். ஃபால்சிபாரத்துக்கு ரெண்டு மூணு நாள் லேட் ஆனாலே உயிருக்கு ஆபத்து. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுப் பாப்போம்னு இருந்துறாதீங்க, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நேரா வந்துருங்க.

மருந்துக்கே கட்டுப்படாத மலேரியா வந்துருச்சுன்னு சொல்லுதாங்களே?

உண்மை. இப்ப உலகமே நம்பியிருக்கிற மருந்து ஆர்டிமிசினின், சீனாவுல ஒரு பழைய வைத்தியச் செடியில இருந்து து யூயூங்கிற அம்மா கண்டெடுத்தது, 2015ல நோபல் கொடுத்தாங்க. அதுக்கு மசியாத கிருமி முதல்ல கம்போடியாப் பக்கம் தெரிஞ்சது, இப்ப ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியாவுலயும் இருக்கு. மருந்து இன்னும் பெரும்பாலும் வேலை செய்யுது, கூட்டு மருந்தாக் கொடுக்கிறதால. ஆனா கிருமி சாகுறதுக்கு நேரமாகுது.

கொசுவும் வலையில தடவுற மருந்துக்குப் பழகிட்டு, அதனால ரெண்டு மருந்து சேத்த வலை வந்திருக்கு. எரித்ரியா, எத்தியோப்பியாவுல கிருமி இன்னொரு வேலையும் பண்ணுது. ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில விட்டு உடனே பாக்குற கார்டு டெஸ்ட் கிருமியோட எந்தப் புரதத்தைத் தேடுதோ, அந்தப் புரதமே இல்லாத கிருமி வந்துருச்சு, கார்டு நெகட்டிவ் காட்டும், உள்ள கிருமி இருக்கும். அப்பம் மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் தெரியும்.

நம்ம ஊருக் கொசு ஆப்பிரிக்காவுக்குப் போயிருச்சாமே, நெசமா?

நெசம். அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி, நம்ம டவுன்ல ஓவர்ஹெட் டேங்க்ல இருக்கிறதே, அதேதான். 2012ல ஜிபூட்டிங்கிற ஆப்பிரிக்க நாட்டுல பாத்தாங்க. அந்த வருஷம் அங்க மொத்தம் 27 கேஸ். 2020ல 73 ஆயிரம். அப்புறம் எத்தியோப்பியா, சூடான்னு பரவிக்கிட்டே இருக்கு, இலங்கையில மன்னார்லயும் கண்டுபிடிச்சாங்க. ஆப்பிரிக்காவுல மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய், இந்தக் கொசு வந்தா டவுனுக்குள்ளயும் நுழைஞ்சிரும். டேங்க்குக்கு மூடி போடுறது, கிணத்துல கொசுப் புழுவைத் தின்னுற கம்பூசியா மீன் விடுறதுன்னு நம்ம சென்னை, சேலம்னு பழகின வேலையெல்லாம் இனி அவங்களுக்கும் வேணும்.

இவ்ளோ தெரிஞ்சும் ஏன் முடிக்க மாட்டேங்காங்க? 2030க்குள்ள ஆயிருமா?

2030க்குள்ள கேஸையும் சாவையும் 2015ல இருந்ததுல 90 சதவீதம் குறைக்கணும்னு உலக நாடுகள் ஒத்துக்கிட்டாங்க. இப்ப போற வேகத்துல அது நடக்காது. 2023ல தேவைப்பட்ட பணம் 830 கோடி டாலர், கிடைச்சது 400 கோடி, பாதி கூட இல்லை. 2025ல அமெரிக்கா உதவியைக் குறைச்சதுல இன்னும் இழுபறி. வலை ஒரு வருஷம் லேட்டா வந்தா அந்த மழைக்காலத்துப் பிள்ளைங்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இந்தியா 2027 இலக்கைத் தொடுமான்னு கேட்டா, காடு, மலை, பெரிய டவுன் மூணுலயும் இதே அக்கறை நின்னா தொடும்னு நம்புதேன்.

கேஸே இல்லைங்கீங்க, பொறவு எதுக்கு காய்ச்சல்னாலே எங்க விரலைக் குத்துதீங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுனேன்னு வச்சுக்கோங்க. மைக்ராஸ்கோப்ல ஒரு நேரத்துல தெரியுற வட்டத்தைத்தான் ஃபீல்டுன்னு சொல்லுவோம், ஒரு ஸ்லைடுக்கு 100 ஃபீல்டு பாக்கணும், ஒவ்வொண்ணா நகத்தி நகத்தி. என் வேலையில கிட்டத்தட்ட எல்லாமே நெகட்டிவ்தான். பாத்து முடிச்சு ரெஜிஸ்டர்ல நெகட்டிவ்னு எழுதும்போது "வீண்"னு ஒரு நாளும் தோணலை, 17 கேஸ்னு ஆன பிறகு இலங்கையில குறைச்சது இதைத்தான். போன ஆவணியில ஒரு பெரியப்பா வந்தாரு, சாதாரண சளிக்காய்ச்சல்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க, எங்கயும் போகலைன்னாரு, குத்த வேண்டாம்னு கையை இழுத்துக்கிட்டாரு. பேசிப் பேசி எடுத்தேன். 60வது ஃபீல்டுக்கு மேல ஒரு மோதிரம் மாதிரி கிருமி தெரிஞ்சது, அப்புறம் இன்னொண்ணு. விசாரிச்சா, மக வீட்டுக்குன்னு ராமேஸ்வரம் போயி பத்து நாள் இருந்திருக்காரு. அன்னிக்குச் சாயங்காலமே ஹெல்த் இன்ஸ்பெக்டர் அவர் தெருவுல 40 வீட்டுக்குப் போயி எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாரு. அத்தனை ஸ்லைடும் என் மேஜைக்கு வந்துச்சு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாத்தேன், அத்தனையும் நெகட்டிவ்.